பேண்டேஜ் துணிக்கு வந்த காமாலை

செவ்வாயும் வெள்ளியும் ஆவாரங்குளம் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ராஜபாளையத்தில் ஏறியவன் சேத்தூர் தாண்டுகிற வரைக்கும் அடுத்தவன் காலில்தான் நிற்க வேண்டும். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்துவதையே விட்டுவிட்டார். "காமாலை எல்லாம் இறங்கு!" என்பார். மஞ்சளான கண்ணும், மஞ்சளாகிவிடுமோ என்று பயந்த கண்ணுமாக ஒரு பஸ் ஜனம் இறங்கும். காலி பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேற்கே போகும்.

இறங்கிய கூட்டம் நேராகப் பழைய மாவுமில் கொட்டகைக்கு ஓடும். அங்கேதான் மஞ்சநீர்ச் சாமியார் வீற்றிருந்தார். வாசலில் ஒரு பேனர்: "ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. கையைக் கழுவினால் காமாலை ஓடும்!" சாமியார் படத்துக்குப் பக்கத்தில் கோயில் கோபுரம், பள்ளிவாசல், சிலுவை மூன்றும் போட்டிருந்தது. வருகிற காணிக்கையில் எந்த மதத்தையும் அவர் விட்டுவைக்க விரும்பவில்லை.

செண்பகத்தோப்புக் காட்டுக்குள் பன்னிரண்டு வருஷம் தவம் கிடந்து, சித்தர் ஒருவர் காட்டிய மூலிகையோடு இறங்கி வந்தாராம். சாதாரண ஆள் அந்தப் பக்கம் போனால் வனத்துறை செக்போஸ்ட்டில் தீப்பெட்டியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தது மட்டும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. இதை யாராவது கேட்டார்களா? கேட்கிற பழக்கம் நமக்கு என்றைக்கு இருந்தது!

வைத்தியம் சுருக்கமானது. பித்தளைச் செம்பிலிருந்து பழுப்பாக ஒரு மூலிகைச் சாற்றை எடுத்து நோயாளியின் இரண்டு கையிலும் முழங்கை வரை பூசுவார். கற்பூரம் காட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். பிறகு வெள்ளைப் பேசினில் இருக்கிற தீர்த்தத்தில் கையை முக்கிக் கழுவச் சொல்வார். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் குபுகுபுவென்று மஞ்சளாகும். "பாருங்க! உடம்புல கெடந்த காமாலை ஓடுது பாருங்க!" என்று சாமியார் கத்துவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு கழுவு. ஒவ்வொரு கழுவுக்கும் மஞ்சள் குறையும். தண்ணீர் என்றைக்குத் தெளிவாக நிற்கிறதோ அன்றைக்கு நோய் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே கூடாது. ஊசி குத்தினால் காமாலை பயந்து எலும்புக்குள் ஒளிந்துகொள்ளுமாம்.

இந்தச் சாமியாருக்கு ஆவாரங்குளத்தில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு கால், ஒரு மீசை. பெயர் பேச்சிமுத்து. விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவன். போன வருஷம் அவனுக்குக் காமாலை வந்தது. சாமியாரிடம் கை கழுவினான். சரியாகிவிட்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அவன் வாய் மூடவில்லை. தறிச் சத்தத்தையும் மீறிக் கத்துவான்: "நானே சாட்சிலே! எம்புட்டு மஞ்சத் தண்ணி தெரியுமா? ஒரு குடம் தேறும்!"

உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடத் துணி நெய்கிற ஊர் அது. அந்த ஊர்க்காரனுக்கு ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஆகாது. ஆனால் அதற்கு அவனை மட்டும் வையக்கூடாது, நியாயம் வேண்டும்.

ஆவாரங்குளத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உண்டு. அதன் சுவரில் "இங்கே இலவசமாகச் செய்யப்படும் பரிசோதனைகள்" என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. சர்க்கரை, ரத்த அளவு, உப்பு, காமாலை, டெங்கு, சளி என்று பட்டியல் நீளும். எழுத்து முதலில் வந்தது. மெஷின் அதற்கு வெகுநாள் கழித்து வந்தது. மெஷினில் ஊற்றுகிற மருந்து? அது வரவில்லை. ஆயுத பூசைக்கு மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். லேப் டெக்னீஷியன் சப்ரீன் அதே ஊர்ப் பெண். வருகிறவர்களிடம் எல்லாம் "மருந்து இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க, இல்லைன்னா ராஜபாளையம் போயிருங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிப் போனது. ராஜபாளையம் போனால் ஒரு நாள் தறி நிற்கும். சாமியார் கொட்டகையோ கூப்பிடு தூரம். ஜனம் எங்கே போகும்?

இந்த லட்சணத்தில்தான் பேச்சிமுத்துவின் மனைவி மாரிச்செல்விக்குக் கண் மஞ்சளானது. நிறைமாதத்துக்கு நெருங்கிய வயிறு. நாலு வாய் சோறு உள்ளே போனால் ஐந்து வாயாக வெளியே வந்தது.

"ஏட்டி, பயப்படாத. நம்ம சாமி இருக்காரு" என்றான் பேச்சிமுத்து.

"உங்க சாமி கையைக் கழுவுவாரு. எனக்கு நோவு வயித்துக்குள்ளல்லா இருக்கு?"

"எனக்கு எறங்கலையா?"

"உங்களுக்கா? அந்த ஒரு மாசம் பரோட்டாக் கடையும் கெடையாது, டாஸ்மாக்கும் கெடையாது. கஞ்சியைக் குடிச்சுக் கட்டில்லயே கெடந்தீங்க. எந்த நோவும் சலிச்சுப் போயி எந்திரிச்சுப் போயிரும்."

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். முதல் கழுவில் பேசின் முழுக்க மஞ்சள். சாமியார் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ரெட்டை உசுரு, ரெட்டைக் காமாலை. காணிக்கையும் ரெட்டை" என்றார். பேச்சிமுத்து நடுங்கிப் போய்க் கொடுத்தான். இரண்டாம் கழுவில் மஞ்சள் பாதியாகிவிட்டது. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் தெருவில் போகிறவனை எல்லாம் நிறுத்திச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மாரிச்செல்வி கண்ணாடியைப் பார்த்தாள். கண் முந்தியதைவிட மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. எழுந்து நின்றால் வீடு சுற்றியது.

"என்னங்க, இங்க வாங்க. என் கண்ணைப் பாருங்க. தண்ணிக்குத்தான் கொறைஞ்சிருக்கு. எனக்குக் கொறையல."

அவன் பார்த்தான். மஞ்சள் கூடித்தான் இருந்தது. ஆனால் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முனகிவிட்டுத் தறிக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சப்ரீன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, மெஷினுக்கு மருந்து வந்துருச்சு. நாளைக்குக் காலையில வாங்க. ஒரு துளி ரத்தம் போதும், செத்த நேரத்துல சொல்லிருவேன்."

பேச்சிமுத்து குறுக்கே வந்தான். "ஊசியா? கூடவே கூடாது பாப்பா. காமாலை எலும்புக்குள்ள போயிரும்."

"அண்ணே, கெட்ட தண்ணியில வார காமாலை முக்காவாசிப் பேருக்கு ஓய்வெடுத்தாலே தானாப் போயிரும். உங்களுக்கும் அப்படித்தான் போச்சு. மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா அது வேற. தாயும் போகும், பிள்ளையும் போகும். எந்தக் காமாலை, எம்புட்டு ஏறியிருக்குன்னு ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

"நாளைக்கு வெள்ளி. மூணாவது கழுவு. அது முடியட்டும்."

சப்ரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, "சரி, நாளைக்கும் வாரேன். ஆனா உங்க சாமி வாயாலேயே நோவு போயிருச்சுன்னு வந்துட்டா, பொறவு நான் எங்க போனாலும் தடுக்கக் கூடாது. சம்மதமா?" என்றாள்.

"அவரே சொல்லிட்டா எனக்கென்ன?" என்றான் அவன். பொம்பளை வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், பாவம்!

பேண்டேஜ் தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாவு நூல் ஏற்றி நெய்தால், தறியில் முதலில் இறங்குகிற துணியைத் தெய்வத்துக்குக் கொடுப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை பேச்சிமுத்து அதைச் சாமியாருக்கென்று எடுத்து வைத்திருந்தான். அழுக்குப் படாத வெள்ளைத் துணி. கொட்டகையில் மாரிச்செல்வி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் கிளம்பும்போதே அவள் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவிக்கொண்டிருந்தாள். அரிப்புக்கு என்று சொன்னாள். அவனும் நம்பினான். நம்புவதுதானே அவன் தொழில்.

கொட்டகையில் ஈ நுழைய இடமில்லை. முன்வரிசையில் மாந்தோப்புப் பால்ச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காமாலை கிடையாது. சின்ன வயதிலிருந்தே வெற்றிலை போட்டுப் போட்டுப் பழுப்பேறிய பல்லைப் பார்த்து, அது காமாலைதான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

மாரிச்செல்வியின் முறை வந்தது. சாமியார் சாற்றைப் பூசினார். கற்பூரம் கொளுத்தத் திரும்பினார். கூட்டம் கண்ணை மூடிக் கும்பிட்டது. அந்த நேரத்தில் மாரிச்செல்வி கையில் இருந்த சாறு அத்தனையையும் மடியில் இருந்த துணியில் அழுந்தத் துடைத்தாள். எண்ணெய்க் கையில் சாறு ஒட்டவில்லை, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வந்துவிட்டது. பேச்சிமுத்து மட்டும் ஒரு கண்ணைத் திறந்திருந்தான். 'அடிப் பாவி, சாமி துணியைப் போயி...' என்று பதறினான். வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினில் கையை முக்கிவிட்டாள்.

தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு துளி மஞ்சள் இல்லை.

சாமியார் ஒரு நிமிஷம் திகைத்தார். இவ்வளவு சீக்கிரம் குணமாக்க அவர் திட்டம் போட்டிருக்கவில்லை. ஆனால் கூட்டம் பார்க்கிறதே! சட்டென்று இரண்டு கையையும் தூக்கினார். "எறங்கிருச்சு! பரிபூரண குணம்! மூணே கழுவு! சித்தர் அருள்!"

கொட்டகை இரைந்தது. பேச்சிமுத்து அழுதேவிட்டான்.

"நெசமாவே எனக்கு நோவு போயிருச்சா சாமி?" என்று கேட்டாள் மாரிச்செல்வி, குழிந்த மஞ்சள் கண்ணால் அவரைப் பார்த்து.

"தண்ணியே சொல்லுதே மகளே! தண்ணி பொய் சொல்லுமா?"

"சொல்லாதுல்லா?" என்றாள். மடியில் இருந்த துணியை எடுத்துப் பேசினில் போட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று மஞ்சளானது. ஒவ்வொரு கழுவிலும் அவள் கையிலிருந்து வந்த அதே மஞ்சள்.

"ஏங்க, இது நேத்துத்தான் உங்க தறியில பெறந்துச்சு. அதுக்குள்ள காமாலை வந்துருச்சு. சாமி, துணிக்கு எத்தனை கழுவு?"

யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் லேசுப்பட்டவரா? "மூடர்களே! அவ உடம்புல இருந்த காமாலைதான் துணிக்கு எறங்கியிருக்கு! அதுதானய்யா மூலிகையோட மகிமை!" என்று கர்ஜித்தார். உடனே பாதிக் கூட்டம், "ஆமா, அதுவும் சரிதானே" என்று தலையாட்டியது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஆடுகிற தலை.

பேச்சிமுத்து மட்டும் ஆட்டவில்லை. அவன் மாரிச்செல்வியைப் பார்த்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பரிபூரண குணமான பொம்பளை இப்படியா நிற்பாள்? தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அது அவன் துண்டு, அவள் தொடாத துண்டு. அதன் நுனியைச் செம்புக்குள் முக்கினான்.

"ஏலே, தொடாதே! தீட்டு!" என்று சாமியார் பாய்ந்தார்.

"என் பொண்டாட்டி உசுரை விடவா சாமி தீட்டு பெருசு?" என்றபடி பேச்சிமுத்து நுனியை இன்னொரு பேசினில் விட்டான். மஞ்சள். கொட்டகைச் சுவரில் சாற்றைத் தேய்த்துத் தீர்த்தத்தைத் தெளித்தான். மஞ்சள். மாவுமில் சுவருக்கும் காமாலை! இப்போது கூட்டத்துக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. ஒருத்தி வாழைப்பழத்துக்குக் காமாலை பார்த்தாள். ஒருவன் செருப்புக்குப் பார்த்தான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து சாமியார் கையையே பிடித்துச் செம்புக்குள் விட்டு எடுத்துப் பேசினில் முக்கினார்கள். அன்றைக்கு ஆவாரங்குளத்திலேயே முற்றிப்போன காமாலை சாமியாருக்குத்தான்.

பால்ச்சாமி செம்பை எடுத்து மோந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் சிவந்தது.

"ஏலே! இது மாம்பட்டைல்லா! பொறந்ததுல இருந்து மாந்தோப்புல கெடக்கேன், எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா என் சப்பட்டை மாமரத்துல பட்டையை உரிச்சது காட்டுப்பன்னின்னுல்லா நெனச்சேன்! பன்னி இங்கதான் உக்காந்திருக்கா?" பேசினையும் மோந்தார். "இது வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு. தண்ணியில கரைச்சுத் தெளிவை மட்டும் எடுத்திருக்கான்."

மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தெளிவும் சேர்ந்தால் மஞ்சள். சித்தர் சொன்ன ரகசியம் இவ்வளவுதான். ஒவ்வொரு ஆளுக்கும் கழுவுக்குக் கழுவு சாற்றில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் நோய் குறையும். பிழைக்கிறவன் தானாகப் பிழைத்தால் சாமியார் மகிமை. பிழைக்காதவன் திரும்பி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

போலீஸ் வந்து விசாரித்தபோது சாமியாரின் பூர்வாசிரமமும் வெளியே வந்தது. பெயர் கௌதம்ராஜ். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றவர். நல்ல தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்துக் கலங்கலாக்கி, "இதையா குடிக்கிறீங்க?" என்று பயமுறுத்துவதுதான் அந்த வியாபாரம். தண்ணீரின் நிறத்தை மாற்றினால் ஜனம் பையை அவிழ்க்கும் என்று அங்கேதான் ஞானோதயம். செண்பகத்தோப்புக்கு அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் அருவியில் குளிக்க.

பேச்சிமுத்து போலீஸுக்காகக் காத்திருக்கவில்லை. மாரிச்செல்வியை ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்தில் இறக்கினான். சப்ரீன் ரத்தம் எடுத்தாள். மெஷின் உறுமியது. வந்த எண்ணைப் பார்த்ததும் அவள் டாக்டர் அறைக்கு ஓடினாள். டாக்டரம்மா அங்கேயே 108-க்குப் போன் போட்டார்.

"இன்னும் ரெண்டு கழுவு பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

"அதை என் வாயால சொல்ல வைக்காதீங்க" என்றார் அவர்.

ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் அவன் தூங்கவே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து தன்னைத்தானே வைதுகொண்டான். மாரிச்செல்வி செத்துப் பிழைத்தாள். பெண் குழந்தை பிறந்தது, சின்னதாக, ஆனால் ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது. அதைக் கையில் வாங்கியதும் பேச்சிமுத்து முதலில் அதன் கண்ணைத்தான் பார்த்தான்.

கதை இத்தோடு சுபம் என்று எழுந்து போய்விடாதீர்கள். குழந்தை தலை நிமிர்த்திப் பார்க்கிற வயதில், ஆவாரங்குளத்து மெஷினுக்கு மறுபடியும் மருந்து இல்லாமல் போனது. அடுத்த வாரம் வரும் என்றார்கள். அந்த அடுத்த வாரமும் போனது. சப்ரீன் பழையபடி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

பேச்சிமுத்துவின் வாய்தான் தெரியுமே. தறித் தறியாகப் போய்க் கத்தினான்: "கையைக் கழுவ விடியக்காலமே போயி உக்காந்தோமேலே! மருந்து எங்கன்னு கேக்க ஒருநாளாவது போனோமா? கெளம்புங்கலே!" மாவுமில் கொட்டகையில் உட்கார்ந்த அதே கூட்டம் சுகாதார நிலைய வாசலில் வந்து உட்கார்ந்தது. பால்ச்சாமி முன்வரிசையில் சம்மணம் போட்டார். உட்கார்ந்து பழகிய ஜனம், எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான். கூட்டத்தைப் பார்த்துக் கையைக் குவித்தார். "எல்லாம் மேல எழுதியிருக்கோம்மா. கண்டிப்பா வந்துரும். கொஞ்சம் எங்க மேல நம்பிக்கை வைங்க" என்றார்.

மாரிச்செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நம்பிக்கை வச்சுத்தான் சார் நானும் இந்தப் பிள்ளையும் சாகக் கெடந்தோம். அது வேண்டாம். தேதியைச் சொல்லுங்க."